அற்பம் என்று பொருள்

ஏப்ரல் 4

தம்பி மனைவிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உன்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. போன் செய்தால் எடுக்க மாட்டாய், அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். தம்பி மொட்டை மாடியில் பதினான்கு வருடம் வளர்த்து, பொறுக்கி, மறுபடி வளர்த்து உண்டாக்கிய அவரை உனக்கு நினைவிருக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் காய்க்குமே, அதுதான். அவன் எப்போதோ எழுதிப் போட்ட குறிப்பை விதை ஆராய்ச்சி நிலையத்தில் யாரோ தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். அவன் பெயரிலேயே அந்த ரகத்தைப் பதிவு செய்யத் தயார் என்கிறார்கள். ஜூன் முடிவதற்குள் ஐம்பது உயிருள்ள செடிகளைக் காட்ட வேண்டுமாம், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்களாம்.

விதை என்னிடம் இருக்கிறது. அவன் போன பிறகு மாடி வீட்டிலிருந்து எடுத்த தகரப் பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. இருபத்து நான்கை ஊன்றினேன். மூன்று வாரம் ஆகியும் ஒன்றுகூடத் தலை காட்டவில்லை. தோண்டிப் பார்த்தால் போட்டபடியே கிடந்தன, ஊறக்கூட இல்லை. முப்பத்தைந்து வருடம் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவள் வேறு என்ன செய்வேன்? ஸ்கால்பெல்லை எடுத்து இருபத்து நான்கையும் அறுத்துப் பார்த்தேன். பருப்பு வெள்ளையாக, குற்றம் குறை இல்லாமல் இருந்தது. பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. விதையின் கண் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பளபளத்த மாதிரி இருந்தது, அது அந்த ரகத்தின் குணமோ என்னவோ.

நீ விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக இருப்பவள். காரணம் உனக்குத் தெரிந்திருக்கும். எழுது. எனக்காக வேண்டாம், அவனுக்காக எழுது.

இதைக் கேட்பதால் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. என் தம்பி செத்ததை எனக்குப் பால்காரர்தான் சொன்னார்.

நாத்தனார்


ஏப்ரல் 11

மாண்புமிகு பேராசிரியை அவர்களுக்கு,

ஆறு வருடம் கழித்து உங்கள் கையெழுத்து. பரிசோதனை மேசையில் வைத்து இரண்டு முறை படித்தேன். பொய் சொல்வானேன், இரண்டாவது முறை சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி, "என்னடி, லாட்டரி ஏதும் விழுந்துருச்சா?" என்றாள். "அதுக்கும் மேல" என்றேன்.

ஆமாம், காரணம் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் கலைச்சொல் அகராதி வெளியீட்டு விழா. செடி கொடிப் பக்கத்து எண்ணூறு சொற்களுக்குப் பொருளும் பிறப்பும் தேடி, அட்டை அட்டையாக எழுதிக் கொடுத்தது நான். நாலு வருட வேலை. புத்தகம் வந்ததும் என் பெயரைத் தேடினேன். அச்சகத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்தவருக்குக்கூட நன்றி இருந்தது, எனக்கு இல்லை. விழாவில் ஒரு பெரியவர் எழுந்து, "செடிப் பகுதி யாரும்மா பண்ணது?" என்று கேட்டார். நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்.

"என் தம்பி பொண்டாட்டி கொஞ்சம் கூடமாட ஒத்தாசை பண்ணா. லேபுல விதை எண்றவ. அவரை விதையில காம்பு ஒட்டியிருந்த எடத்துல ஒரு கறுப்புத் தழும்பு இருக்கும் பாருங்க, கண்ணு மாதிரி, நாள் முழுக்க அதைத்தான் பாத்துக்கிட்டிருப்பா. அதுக்கு லத்தீன்ல ஹைலம்னு பேரு. ஹைலம்னா என்ன அர்த்தம் தெரியுமா? அற்பம்!"

மண்டபமே கைதட்டிச் சிரித்தது. உங்கள் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் பிறகு மன்னிப்புக் கேட்டார், நீங்கள் கேட்கவில்லை.

அடுத்து, அவர் போன பிறகு நடந்தது. வீடு உங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். "மூணே நாள்ல காலி பண்ணு, ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்து தம்பி சாமானை எடுத்துக்கறேன்" என்றீர்கள். செய்தீர்கள். விட்டுப்போன என் நுண்ணோக்கியை எடுக்க வந்தபோது உங்கள் இரும்பு கேட்டுக்கு வெளியே, உச்சி வெயிலில், ஒன்றே கால் மணி நேரம் நிற்க வைத்தீர்கள். உள்ளே நீங்கள் நடமாடுவது ஜன்னலில் தெரிந்தது. அவருடைய குறிப்பேடு ஒன்றை மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். முப்பத்தோராவது நாள் ஒரு கார்டு வந்தது. அதில் ஒரே வார்த்தை: முடியாது.

பால்காரர் கதையையும் முடித்துவிடுகிறேன். உங்கள் தம்பி மாடியில் விழுந்த அன்று உங்களுக்குப் பதினோரு தடவை போன் அடித்தேன். நீங்கள் அகராதிக் குழுக் கூட்டத்தில் இருந்தீர்கள், போனை அணைத்து வைத்திருந்தீர்கள். பத்தாவது தடவை அடிக்கும்போது அவருக்கு உயிர் இருந்தது.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். அகராதியின் இரண்டாம் பதிப்பு அச்சில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதில் ஹைலம் என்ற சொல்லுக்கு நான் எழுதிக் கொடுத்தது அப்படியே வர வேண்டும். தலைப்புப் பக்கத்தில் என் பெயர் வர வேண்டும். அன்றைக்கு மைக்கில் சொன்னதை உங்கள் கையாலேயே எழுதி, கீழே மன்னிப்பும் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு காரணம் சொல்கிறேன்.

விதை எண்ணுகிறவள்


ஏப்ரல் 16

அடிப்பாவி,

செத்தவன் பெயரை வைத்துப் பேரமா பேசுகிறாய்? அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. தலை வாரிவிட்டது நான், அவன் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் சண்டைக்குப் போனது நான். இருபத்தேழு வயதில் உன்னைக் கூட்டிவந்து நிறுத்தி, "அக்கா, இவதான்" என்றான். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

பதினோரு தடவை என்பது எனக்குத் தெரியாதென்றா நினைக்கிறாய்? அன்றைக்கு மாலை போனைத் திறந்ததும் அதுதான் வரிசையாக நின்றது. அந்தப் போனை நான் இன்னும் தூக்கி எறியவில்லை. இதை நீ எழுதிக் காட்டித்தான் நான் நோக வேண்டும் என்றில்லை.

சொல்லைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தாதே. உன் விதையில் அது காம்பு அறுந்த வெறும் தழும்பு. சிறுநீரகத்தைக் கையில் எடுத்துப் பார். உட்பக்கம் குழிந்த இடத்தில் தமனி உள்ளே போகிறது, சிரை வெளியே வருகிறது, சிறுநீர்க்குழாய் இறங்குகிறது. அங்கே அது வாயில். நுரையீரலிலும் வாயில். அதனால்தான் ஹைலத்தை உடற்கூற்றுச் சொல் என்றும், செடியியலார் பின்னால் எடுத்தாண்டது என்றும் போட்டேன். எது பெரிது என்று பார்த்து வரிசைப்படுத்துவது பதிப்பாசிரியர் வேலை.

உன் தயவு எனக்கு வேண்டாம். நேற்று நாற்பது விதையை வெந்நீரில் போட்டேன். ஊறின. ஊறி, வெந்துபோயின. இன்னும் நூற்று நாற்பத்தெட்டு இருக்கிறது. வேறு வழி கண்டுபிடிப்பேன். கெடுவான் கேடு நினைப்பான், ஞாபகம் வைத்துக்கொள்.

நாத்தனார்


ஏப்ரல் 21

பேராசிரியை அவர்களுக்கு,

வெந்நீரா! அறிவு இருக்கிறதா உங்களுக்கு? பள்ளிக்கூடப் பிள்ளைகூட விதையை வேகவைத்து முளைக்கவிடாதே. நாற்பது! நாற்பது விதை!

இனி ஒன்றைத் தொட்டாலும், கத்தி, அடுப்பு, அமிலம் எதை எடுத்தாலும், நான் வாயே திறக்க மாட்டேன். பெட்டியை மூடி வையுங்கள்.

பெரிது சிறிது என்கிறீர்கள். நான் அட்டையில் எழுதியதைப் படிக்காமலேயே கிழித்திருக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. பழைய ரோமானிய இலக்கணக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்: ஹைலம் என்பது அவரை விதையில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னஞ்சிறு பொருள் என்று நினைக்கிறார்கள் என்று. அவ்வளவு சின்னது என்பதால் அந்தச் சொல்லுக்குத் துளி, அற்பம் என்று பொருள் ஏறியது. 'அந்தத் துளிகூட இல்லை' என்பதைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லி, லத்தீனில் 'ஒன்றுமில்லை' என்பதற்கே அதிலிருந்து ஒரு சொல் பிறந்தது. அற்பத்திலிருந்துதான் சூனியமே வந்தது, அம்மணி. உங்கள் சிறுநீரகத்துக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது பல நூறு வருடம் கழித்து. அவரை மாதிரி இருக்கிற உறுப்பு, அவரையிடமிருந்து பெயர் வாங்கியது. கடன் வாங்கினவர் முதலாளி மாதிரி மேலே உட்கார்ந்துகொண்டு, கொடுத்தவளை விதை எண்ணுகிறவள் என்கிறீர்கள்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். இந்த அற்பம் உதவ வேண்டுமானால் நான் கேட்டதைச் செய்யுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


மே 6

உனக்கு,

அச்சுப் பிரதியின் இரண்டு பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். தலைப்புப் பக்கத்தில் உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்துகொள், நீ அளப்பாய் என்று தெரியும். மற்றப் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

"ஹைலம்: லத்தீன். அவரை விதையில் ஒட்டியிருக்கும் சிறு பொருளைக் குறித்ததாகப் பழைய கருத்து. அதிலிருந்து, துளி, அற்பம். செடியியலில்: விதைத் தழும்பு. அங்கிருந்து உடற்கூற்றில்: சிறுநீரகம், நுரையீரல் முதலிய உறுப்புகளில் குழாய்கள் போய்வரும் வாயில்."

கிழித்த உன் அட்டைகளைத் தேடி எடுத்து ஒட்டிப் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். அதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

தனித்தாளில் மைக்கில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். கீழே மன்னிப்பு. எழுதும்போது கை கூசியது. அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கும் மேடையிலிருந்து தெரிந்தது.

இப்போது சொல். ஜூனுக்கு அதிக நாள் இல்லை. அவரைக்கு முளைவிட ஒரு வாரம், நிற்க இரண்டு வாரம். கணக்குப் போட்டுப் பார்த்து உடனே எழுது.

அக்கா


ஜூன் 6

பேராசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து சரியாக முப்பத்தொரு நாட்கள் ஆகவில்லை, தபால் நாட்களைக் கழித்தால் இருபத்தெட்டுதான். ஆனால் நீங்கள் எழுதிய தேதியிலிருந்து முப்பத்தொன்று. உங்கள் 'முடியாது' வர எத்தனை நாள் ஆனதோ அத்தனை நாள் உங்களைக் காக்க வைக்க வேண்டும் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். தினமும் ஒரு தேதியை அடித்தேன். நன்றாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

இனி காரணம். நீங்கள் வண்டியோடு வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள், தெருமுனைக் கடையில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு புட்டி வாங்கினேன். அவர் விதைகளை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றின் கண்ணிலும், அதை ஒட்டிய ஊசித்துளையிலும், பூசினேன். காய்ந்ததும் இரண்டாம் பூச்சு. இருநூற்றுப் பன்னிரண்டுக்கும். அந்த ரகத்துக்குத் தோல் கெட்டி, தண்ணீர் போக அந்தக் கண் ஒன்றுதான் வழி. அதை அடைத்துவிட்டால் வருடக்கணக்கில் தண்ணீரில் போட்டாலும் கல்லாகக் கிடக்கும். பளபளப்பு ரகத்தின் குணமோ என்று எழுதினீர்களே, அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். அற்பம் என்றீர்கள் அல்லவா? அந்த அற்பத்தில்தான் பூட்டு போட்டேன்.

திறப்பது சுலபம். கண்ணைத் தொடவேண்டாம். அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் தோலை அரத்தால் லேசாகத் தேய்த்து, வெள்ளை தெரிந்ததும் நிறுத்தி, ஈரத் துணியில் சுற்றி வையுங்கள்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். பூசாமல் நாற்பது விதையை எனக்கென்று எடுத்து வைத்திருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் உங்களுடையதை அடைத்தேன். போன வருடம் டப்பாவைத் திறந்தால் முழுக்க வண்டு. நாற்பதிலும் ஓட்டை, தட்டினால் மாவு கொட்டியது. விதைக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்க்கிறவள் வீட்டில் வண்டு! யாரிடம் சொல்லி அழ? உலகத்தில் அவருடைய அவரை உயிரோடு இருப்பது உங்கள் பெட்டியில் மட்டும்தான். நீங்கள் வெந்நீர் என்று எழுதியபோது நான் அப்படித் திட்டியது அதனால்தான்.

நூற்று நாற்பத்தெட்டில் பாதி எனக்கு அனுப்புங்கள். மீதியை நீங்கள் முளைக்க வையுங்கள். நிலையத்தாரிடம் நான் பேசி ஒரு பருவம் தவணை வாங்குகிறேன்.

தம்பி மனைவி


ஜூன் 9, கூரியரில்

உனக்கு,

அனுப்ப ஒன்றும் இல்லை.

மே முழுக்கத் தபால்காரரை வாசலில் மறித்தேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று தெருத் திரும்பும்போதே கை காட்டுவார். நீ வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டாய் என்று முடிவு செய்தேன். உன்னிடமும் பதில் கிடையாது, விதையும் ஊறாது. இனி அது முளைக்காது என்றால், கெடாமலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். உயிரில்லாத ஒன்றை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஜூன் இரண்டாம் தேதி கல்லூரி அருங்காட்சியகத்திலிருந்து கண்ணாடி ஜாடி வாங்கி வந்து, நூற்று நாற்பத்தெட்டையும் போட்டு, ஃபார்மலின் ஊற்றி, மூடியை மெழுகால் அடைத்தேன். அவன் பெயரை எழுதி ஒட்டினேன். அழகாக எழுதினேன்.

உன் கடிதம் ஏழு நாள் பிந்தி வந்திருக்கிறது.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று உன்னைத் திட்ட வந்தது. எழுதிவிட்டுப் பார்த்தேன், யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தடவை போனை அணைத்து வைத்தேன், தம்பி போனான். முப்பது நாள் நீ வாயை மூடி வைத்தாய், அவன் அவரையும் போனது. சேர்ந்து கொன்றுவிட்டோம், போ.

அக்கா


ஜூன் 10, கூரியரில்

அக்கா,

ஜாடியைத் திறவுங்கள். இப்போதே. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பு திறவுங்கள்.

தண்ணீர் போகாத விதைக்குள் ஃபார்மலின் மட்டும் எப்படிப் போகும்? பூச்சு இருக்கிறது. தோல் கீறாத விதைகள் சில தப்பித்திருக்கலாம். விதைகளை வடிகட்டி, ஓடுகிற தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுவி, துணியில் ஒற்றி எடுத்துக் கையில் யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். கண்ணைச் சுரண்டிவிடாதீர்கள். அறுத்துப் பார்க்காதீர்கள், ஒன்றைக்கூட!

உங்களுக்குப் போன் அடித்தேன். பதினோரு தடவை. எடுக்கவில்லை. உங்கள் புத்தி மாறவே மாறாதா?


ஜூன் 11

உனக்கு,

விதைகளை அருங்காட்சியக உதவியாளரிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு மணி நேரம் என்றாய், மூன்று மணி நேரம் கழுவினேன். குழாயடியில் நின்று கால் வீங்கிவிட்டது. ஒன்றையும் அறுக்கவில்லை. ஸ்கால்பெல்லைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

போனை அணைத்து வைக்கவில்லை. எனக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அவனுடைய குறிப்பேட்டையும் வைத்திருக்கிறேன். கடைசி ஏழு பக்கங்களில் நீ சொன்னதை எல்லாம் எழுதி, பக்கத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறான். அதனால்தான் அன்றைக்கு உனக்குக் கொடுக்கவில்லை.

எத்தனை பிழைத்தாலும் எனக்கு எழுது. ஒன்று என்றாலும் எழுது. முப்பத்தொரு நாள் காக்க வைக்காதே, எனக்கு அவ்வளவு தெம்பில்லை.

அக்கா


ஜூலை 2

அக்கா,

பெட்டி வந்த அன்றே எல்லாவற்றையும் அரத்தால் தேய்த்து ஈரத் துணியில் வைத்தேன். மூன்றாம் நாள் பெரும்பாலானவை குழைந்து நாற்றமெடுத்தன. அவற்றின் தோலில் மயிரிழை விரிசல் இருந்திருக்கிறது, மருந்து உள்ளே போய்விட்டது. பக்கத்து மேசைக்காரி, "விடுடி, தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாரு" என்றாள். நான் அவளோடு ஒரு நாள் பேசவில்லை.

ஆறாம் நாள் ஒன்று வேர் விட்டது. அப்புறம் இரண்டு. நான் பழி தீர்க்கப் பூசிய பூச்சுதான் உங்கள் ஃபார்மலினிலிருந்து அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை, நீங்கள் நன்றி சொல்லவும் வேண்டாம். நான் பூசியிருக்காவிட்டால் நீங்கள் ஜாடியில் போட்டிருக்கவே மாட்டீர்கள்.

நிலையத்தார் நேரில் வந்து பார்த்தார்கள். அடுத்த பருவத்து விதையில் ஐம்பது செடி காட்டினால் போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். உண்டாக்கியவர் என்ற இடத்தில் உங்கள் தம்பி பெயர். குறிப்பேட்டைக் காட்டியதும் அவர்களே என் பெயரையும் சேர்த்தார்கள். அந்த ஏழு பக்கத்தை நான் நாலு நாளாகப் படிக்கிறேன். ஆறு வருடம் அதை என்னிடமிருந்து ஒளித்து வைத்ததற்கு உங்களை மன்னிக்கவில்லை. இப்போதைக்கு மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

எத்தனை பிழைத்தன என்று கேட்டிருந்தீர்கள். எழுத மாட்டேன். நேரில் வந்து எண்ணிக்கொள்ளுங்கள். தொட்டிகளை மாடியில் வரிசையாக வைத்திருக்கிறேன், இரண்டு இலை விட்டு நிற்கின்றன. உங்கள் பங்கு எவை என்று நீங்களே பொறுக்கிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். என் வீட்டுக்கும் இரும்பு கேட்தான். மணி அடித்தால் ஒன்றே கால் மணி நேரம் கழித்துத்தான் திறப்பேன், ஒரு நிமிடம் குறையாது. அன்றைக்கு எனக்கு வெயில். இப்போது இங்கே தினமும் மழை பெய்கிறது.

குடை எடுத்து வாருங்கள்.